பிணைப்புத் தரம்: எலக்ட்ரானை எண்ணும்போது எழும் கேள்விகள்

பிணைப்புத் தரம் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இரண்டு அணுக்களுக்கு நடுவில் நிகரமாக எத்தனை பிணைப்பு இருக்கிறது என்பதுதான். ஆர்பிட்டால் என்றால் எலக்ட்ரான் இருக்கக்கூடிய இடம்; பிணைப்பு ஆர்பிட்டால் அணுக்களைச் சேர்த்துப் பிடிக்கும், எதிர்பிணைப்பு ஆர்பிட்டால் விலக்கும். மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கையில் பிணைப்புத் தரத்தைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு சூத்திரம்: பிணைப்பு ஆர்பிட்டால்களில் இருக்கும் எலக்ட்ரான்களை எண்ணுங்கள், அதிலிருந்து எதிர்பிணைப்பு ஆர்பிட்டால்களில் இருப்பவற்றைக் கழியுங்கள், மிச்சத்தைப் பாதியாக்குங்கள். 1929-ல் கெர்ஹார்ட் ஹெர்ஸ்பெர்க் முன்வைத்த யோசனை இது. இன்றுவரை பிளஸ் ஒன் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

கழிப்பதும் பாதியாக்குவதும் அஞ்சாம் வகுப்புக் கணக்கு. சிரமம் எல்லாம் எந்த எலக்ட்ரான் எந்த ஆர்பிட்டாலில் போய் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் நான் அதையேதான் வேறு வேறு விதமாகச் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கில் தப்பு நடக்கும் இடம் அது ஒன்றுதான்.

எதிர்பிணைப்பு எலக்ட்ரானை ஏன் கழிக்க வேண்டும்? அதுவும் இரண்டு அணுவுக்கும் பொதுவானதுதானே?

பொதுவானதுதான். ஆனால் அது இருக்கும் இடம் வேறு. இரண்டு அணு ஆர்பிட்டால்கள் ஒரே குறியில் (எலக்ட்ரான் அலையின் கூட்டல், கழித்தல் குறி) சேர்ந்தால் இரண்டு அணுக்கருக்களுக்கும் நடுவில் எலக்ட்ரான் அடர்த்தி கூடும், இரண்டு கருவும் அந்த அடர்த்தியால் ஈர்க்கப்பட்டு நெருங்கி நிற்கும். எதிர்க் குறியில் சேர்ந்தால் நடுவில் ஒரு கணுத்தளம் விழும், அங்கே அடர்த்தி சுழி. எலக்ட்ரான் நடுவை விட்டு வெளிப்பக்கமாகத் தள்ளப்படும், கருக்கள் ஒன்றையொன்று விலக்கும். அதனால்தான் இது வரவு செலவுக் கணக்கு மாதிரி: ஒன்று பிணைப்பில் வரவு, மற்றது செலவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிணைப்பு ஆர்பிட்டால் எவ்வளவு ஆற்றல் கீழே இறங்குகிறதோ, எதிர்பிணைப்பு ஆர்பிட்டால் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே மேலே ஏறும். ஆர்பிட்டால்கள் எந்த அளவுக்கு மேற்பொருந்துகின்றனவோ அந்த அளவுக்கு இந்த வித்தியாசம் வரும். சூத்திரம் இதைக் கண்டுகொள்வதில்லை, இரண்டையும் சமமாக வைத்துக் கழிக்கிறது. ஃபுளூரினுக்கு வரும்போது இதன் விளைவைப் பார்க்கலாம்.

2-ஆல் வகுப்பது எதற்கு?

ஒரு பிணைப்பு என்றால் ஒரு ஜோடி எலக்ட்ரான் என்று, எலக்ட்ரானைப் புள்ளியாக வரைந்து பிணைப்பைக் காட்டிய லூயிஸ் காலத்திலிருந்து பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகத்தான், வேறு காரணம் இல்லை.

1எஸ் எலக்ட்ரான்களையும் எண்ண வேண்டுமா?

1எஸ் என்பது அணுவின் உள்கூடு, 2எஸ், 2பி அதற்கு வெளியே. அணுக்களை இணைக்கும் அச்சின் மேலேயே சேர்வது சிக்மா, அச்சுக்குப் பக்கவாட்டில் சேர்வது பை, ஸ்டார் போட்டால் எதிர்பிணைப்பு. 1எஸ்-ஐ எண்ணினாலும் சரி, விட்டாலும் சரி, இரண்டாம் வரிசைத் தனிமங்களுக்கு (லித்தியம் முதல் நியான் வரை) விடை மாறாது. சிக்மா 1எஸ்-ல் 2, சிக்மா ஸ்டார் 1எஸ்-ல் 2, கழித்தால் சுழி. நான் எப்போதும் விட்டுவிடுவேன், ஏனென்றால் எண்ணிக்கை குறையக் குறையத் தப்பும் குறையும். ஆனால் ஒரு கணக்கின் நடுவில் முறையை மாற்றக் கூடாது. பிணைப்புப் பக்கம் 1எஸ்-ஐச் சேர்த்துவிட்டு எதிர்பிணைப்புப் பக்கம் மறந்துவிட்டால் விடையில் ஒன்று கூடிவிடும், தேர்வில் அந்தத் தப்பு விடை தேர்வுப் பட்டியலில் தயாராக உட்கார்ந்திருக்கும்.

ஆக்சிஜனுக்கு ஒரு தடவை முழுதாகப் போட்டுக் காட்டுங்கள்.

ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் 8 எலக்ட்ரான், மூலக்கூறுக்கு 16. 1எஸ்-ல் போகும் 4-ஐ ஒதுக்கினால் மிச்சம் 12. இந்த 12-ஐயும் ஆற்றல் குறைந்த ஆர்பிட்டாலில் தொடங்கி நிரப்ப வேண்டும். சிக்மா 2எஸ்-ல் 2, சிக்மா ஸ்டார் 2எஸ்-ல் 2, சிக்மா 2பி-ல் 2, பை 2பி இரண்டிலும் சேர்த்து 4. இதுவரை 10 ஆயிற்று. மிச்சம் 2 எலக்ட்ரான் பை ஸ்டார் 2பி-க்குப் போகும். அங்கே ஒரே ஆற்றலில் இரண்டு ஆர்பிட்டால்கள் இருப்பதால் ஹுண்ட் விதிப்படி ஆளுக்கொன்றாகத் தனித்தனியே உட்காரும்.

பிணைப்புப் பக்கம்: 2 + 2 + 4 = 8. எதிர்பிணைப்புப் பக்கம்: 2 + 2 = 4. வித்தியாசம் 4, பாதி 2. பிணைப்புத் தரம் 2.

இதே வரிசையில் இன்னும் 2 எலக்ட்ரானைப் பை ஸ்டாரில் போட்டால் ஃபுளூரின்: 8-ல் 6 போக 2, பாதி 1. சிக்மா ஸ்டார் 2பி-யையும் நிரப்பினால் நியான்: 8-ல் 8 போகச் சுழி, ஆகவே நியான் ஜோடி சேர்வதில்லை.

லூயிஸ் படம் வரைந்தாலே ஆக்சிஜனுக்கு இரட்டைப் பிணைப்பு வந்துவிடுகிறதே. அப்புறம் எதற்கு இவ்வளவு சுற்று?

வரும், ஆனால் அந்தப் படத்தில் எல்லா எலக்ட்ரானும் ஜோடியாகத்தான் இருக்கும். அது உண்மையானால் ஆக்சிஜன் காந்தத்தால் ஈர்க்கப்படக் கூடாது. 1891-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜேம்ஸ் டூவர், திரவ ஆக்சிஜன் பலமான மின்காந்தத்தின் துருவங்களில் தாவி ஒட்டிக்கொள்வதைக் காட்டினார். இன்றும் கல்லூரிகளில் இந்தச் சோதனையைச் செய்து காட்டுவார்கள்: மைனஸ் 183 டிகிரி செல்சியஸில் கொதித்துக்கொண்டிருக்கும் வெளிர் நீலத் திரவத்தை இரண்டு துருவங்களுக்கு நடுவில் ஊற்றினால், அது கீழே சிந்தாமல் இடைவெளியில் பாலம் போலத் தொங்கி நிற்கும், ஆவியாகித் தீரும்வரை அப்படியே நிற்கும். திரவ நைட்ரஜனை அதே இடத்தில் ஊற்றினால் நேராகக் கீழே போய்விடும்.

பை ஸ்டாரில் தனித்தனியே உட்கார்ந்திருக்கும் அந்த 2 எலக்ட்ரான்தான் இதற்குக் காரணம். 1929-ல் லெனார்ட்-ஜோன்ஸ் மூலக்கூறு ஆர்பிட்டால்களை வைத்து இதை விளக்கினார். பிணைப்புத் தரம் 2 என்பதையும் பாராகாந்தத் தன்மையையும் (ஜோடி சேராத எலக்ட்ரானால் காந்தத்தை நோக்கி ஈர்க்கப்படுவது) ஒரே படம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது எனக்கு இன்றும் பெரிய அழகாகத் தெரிகிறது. இந்தக் கொள்கையைப் படிக்க வேறு எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும் இது ஒன்று போதும்.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. அந்த 2 எலக்ட்ரானையும் ஒரே சுழற்சி (ஸ்பின்) இல்லாமல் எதிரெதிர்ச் சுழற்சியில் ஜோடி சேர்த்தால் சிங்லெட் ஆக்சிஜன் கிடைக்கும். எண்ணிக்கை மாறவில்லை, ஆகவே பிணைப்புத் தரம் அதே 2. பிணைப்பு நீளமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் ஆற்றல் சுமார் 94 கிலோஜூல்/மோல் அதிகம், வினைபுரியும் விதமே வேறு. பிணைப்புத் தரத்துக்குச் சுழற்சி தெரியாது.

சில புத்தகங்களில் சிக்மா 2பி முதலில் வருகிறது, சிலவற்றில் பை 2பி முதலில் வருகிறது. எது சரி?

இரண்டும் சரி, ஆனால் வேறு வேறு மூலக்கூறுகளுக்கு. போரான், கார்பன், நைட்ரஜன் ஆகியவற்றில் 2எஸ்-க்கும் 2பி-க்கும் ஆற்றல் வித்தியாசம் குறைவு. அதனால் 2எஸ்-லிருந்து வந்த சிக்மாவும் 2பி-லிருந்து வந்த சிக்மாவும் ஒன்றோடொன்று கலந்து, மேலே இருப்பது இன்னும் மேலே தள்ளப்படும். பை 2பி கீழே போய்விடும், சிக்மா 2பி அதற்கு மேலே நிற்கும். ஆக்சிஜன், ஃபுளூரினில் 2எஸ் மிகவும் கீழே இருப்பதால் இந்தக் கலப்பு குறைவு, சிக்மா 2பி கீழேயே இருக்கும்.

பிணைப்புத் தரத்துக்கு மட்டும் என்றால் இந்த வரிசை பெரும்பாலும் பொருட்டில்லை, இரண்டுமே பிணைப்பு ஆர்பிட்டால்தான். நைட்ரஜனில் எந்த வரிசையில் நிரப்பினாலும் 8-ல் 2 போக 6, பாதி 3. ஆனால் காந்தத் தன்மை கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். போரானில் வரிசையை மாற்றிப் போட்டால் கடைசி 2 எலக்ட்ரான் சிக்மாவில் ஜோடியாகி டயாகாந்தம் (எல்லாம் ஜோடி, காந்தம் ஈர்க்காது) என்று விடை வரும். நிஜத்தில் அவை இரண்டு பை ஆர்பிட்டால்களில் தனித்தனியே இருக்கின்றன, போரான் மூலக்கூறு பாராகாந்தம். கார்பனில் இதற்கு நேர் எதிர்: தப்பான வரிசை பாராகாந்தம் என்று சொல்லும், உண்மையில் டயாகாந்தம்.

14 எலக்ட்ரான் குறுக்குவழியை நம்பலாமா?

எல்லையைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் நம்பலாம். இரண்டாம் வரிசை ஈரணு மூலக்கூறில் மொத்த எலக்ட்ரான் 14 என்றால் பிணைப்புத் தரம் 3. அங்கிருந்து ஒன்று கூடினாலும் அரை குறையும், ஒன்று குறைந்தாலும் அரை குறையும். 13-க்கும் 15-க்கும் 2.5, 12-க்கும் 16-க்கும் 2, இப்படியே 10-க்கும் 18-க்கும் 1. நைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, சயனைடு அயனி, நைட்ரோசோனியம் அயனி, கால்சியம் கார்பைடில் இருக்கும் அசிட்டிலைடு அயனி எல்லாமே 14 எலக்ட்ரான், எல்லாவற்றுக்கும் 3.

மேல்பக்கம் 20 எலக்ட்ரான் வரை (நியான், சுழி) ஓடும். கீழ்ப்பக்கம் 10-க்குக் கீழே போகாதீர்கள். 8 எலக்ட்ரானுக்கு (பெரிலியம்) தற்செயலாகச் சுழி என்று சரியாக வரும், 6-க்கு (லித்தியம்) மைனஸ் 1 என்று அபத்தமாக வரும், உண்மையில் அது 1. ஹைட்ரஜன் கலந்த ஹைட்ரஜன் ஃபுளூரைடு போன்றவற்றுக்கு இது ஒத்தே வராது. அதற்கும் 10 எலக்ட்ரான்தான், விடையும் 1 என்றுதான் வரும், ஆனால் காரணம் வேறு. கீழே சொல்கிறேன்.

ஓர் எலக்ட்ரானை எடுத்துவிட்டால் பிணைப்பு வலுவாகுமா? அது எப்படி?

எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நைட்ரஜனில் மேல்மட்ட எலக்ட்ரான் பிணைப்பு ஆர்பிட்டாலில் இருக்கிறது. அதில் ஒன்றை எடுத்தால் பிணைப்புத் தரம் 3-லிருந்து 2.5 ஆகும், பிணைப்பை உடைக்கத் தேவையான ஆற்றல் சுமார் 945-லிருந்து 840 கிலோஜூல்/மோல் அளவுக்கு இறங்கும். ஆக்சிஜனில் மேல்மட்ட எலக்ட்ரான் பை ஸ்டாரில் இருக்கிறது. அதை எடுத்தால் செலவு குறைகிறது: 2-லிருந்து 2.5. பிணைப்பு நீளம் 121 பிக்கோமீட்டரிலிருந்து (ஒரு பிக்கோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) 112-க்குச் சுருங்கும், பிணைப்பு ஆற்றல் 498-லிருந்து சுமார் 640-க்கு ஏறும்.

எலக்ட்ரானைச் சேர்த்துக்கொண்டே போனால் எதிர்த்திசை. ஓர் எலக்ட்ரான் சேர்ந்தால் சூப்பர்ஆக்சைடு, 1.5, நீளம் 130 பிக்கோமீட்டரை ஒட்டி. இரண்டு சேர்ந்தால் பெராக்சைடு, 1, நீளம் 149. ஒரே ஜோடி அணுக்கள், ஒரே ஆர்பிட்டால், எலக்ட்ரான் மட்டும் ஒவ்வொன்றாகக் கூடுகிறது, ஒவ்வொரு படியிலும் பிணைப்பு நீண்டுகொண்டே போகிறது. பிணைப்புத் தரத்தை இவ்வளவு சுத்தமாக வேறெங்கும் பார்க்க முடியாது.

இந்த அயனிகள் காகிதத்தில் மட்டும் இருப்பவை என்று நினைக்க வேண்டாம். பொட்டாசியத்தைக் காற்றில் எரித்தால் மஞ்சள் நிறப் பொட்டாசியம் சூப்பர்ஆக்சைடு வரும். மூச்சுக்காற்றில் உள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் வாங்கிக்கொண்டு ஆக்சிஜனைத் திருப்பித் தரும் என்பதால் சுவாசக் கருவிகளில் அதை வைக்கிறார்கள். எலக்ட்ரான் இழந்த பக்கத்தின் கதை இன்னும் சுவாரசியம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு ஆக்சிஜனிடமிருந்தே ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்தார். ஆக்சிஜனின் அயனியாக்க ஆற்றல் சுமார் 1165 கிலோஜூல்/மோல். செனானுக்கு 1170. அப்படியென்றால் செனானிடமிருந்தும் பிடுங்க முடிய வேண்டுமே என்று யோசித்து, 1962-ல் செய்து பார்த்தார். மந்த வாயு வினைபுரியாது என்ற நம்பிக்கை அந்த ஆண்டோடு முடிந்தது.

அரை, ஒன்றரை என்று பின்னத்தில் பிணைப்பு இருக்க முடியுமா?

தாராளமாக. ஹைட்ரஜன் மூலக்கூறு அயனியில் மொத்தமே ஓர் எலக்ட்ரான்தான், பிணைப்புத் தரம் 0.5. நீளம் 106 பிக்கோமீட்டர், உடைக்க சுமார் 256 கிலோஜூல்/மோல் வேண்டும். ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு 74 பிக்கோமீட்டர், 436 கிலோஜூல். கவனியுங்கள், தரம் பாதி என்றாலும் ஆற்றல் பாதியைவிட அதிகம். ஓர் எலக்ட்ரானுக்கு இன்னொரு எலக்ட்ரானின் விலக்கல் இல்லை என்பது இதற்கு ஒரு காரணம்.

தரம் சுழி என்றால் அந்த மூலக்கூறே கிடையாது என்று அர்த்தமா?

சாதாரண அர்த்தத்தில் வேதிப்பிணைப்பு இல்லை என்று அர்த்தம். இரண்டு ஹீலியம் அணுக்களைச் சேர்த்தால் சிக்மாவில் 2, சிக்மா ஸ்டாரில் 2, கழித்தால் சுழி. அறை வெப்பநிலையில் ஹீலியம் தனி அணுவாகவே திரிகிறது. ஆனால் முழு சுழியை ஒட்டிய குளிரில் இரண்டு ஹீலியம் அணுக்கள் மிக மிக லேசாக ஒட்டிக்கொள்கின்றன, நடுவில் சராசரியாகச் சுமார் 5000 பிக்கோமீட்டர் இடைவெளியோடு. பெரிலியத்துக்கும் கணக்கு சுழி என்கிறது, சோதனையில் சுமார் 245 பிக்கோமீட்டர் நீளத்தில் வலுக்குறைந்த பிணைப்பு தெரிகிறது, ஆற்றல் 10 கிலோஜூல்/மோல் அளவு. மேலே சொன்ன சிக்மா கலப்பு இங்கேயும் கொஞ்சம் உதவிக்கு வருகிறது.

அந்த ஹீலியம் ஜோடியிடமிருந்து ஓர் எலக்ட்ரானை எடுத்துவிட்டால் தரம் 0.5, நீளம் 108 பிக்கோமீட்டர், உண்மையான பிணைப்பு. ஹீலியம் ஹைட்ரைடு அயனியில் இரண்டே எலக்ட்ரான், இரண்டும் பிணைப்பு ஆர்பிட்டாலில், தரம் 1. பிரபஞ்சத்தில் முதலில் உருவான மூலக்கூறு இதுதான் என்று கருதுகிறார்கள். 2019-ல் சோஃபியா விமானத் தொலைநோக்கி மூலம் என்ஜிசி 7027 என்ற நெபுலாவில் அதைக் கண்டதாக அறிவித்தார்கள். ஹீலியம் யாரோடும் சேராது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடக் கூடாது, எலக்ட்ரானை எண்ணிவிட்டுச் சொல்ல வேண்டும்.

பிணைப்பில் சேராத ஆர்பிட்டால் எலக்ட்ரான்களை எந்தப் பக்கம் சேர்ப்பது?

எந்தப் பக்கமும் இல்லை, விட்டுவிடுங்கள். ஹைட்ரஜன் ஃபுளூரைடு நல்ல உதாரணம். ஃபுளூரினின் 2எஸ் மிகவும் கீழே கிடக்கிறது, ஹைட்ரஜனின் 1எஸ்-ஓடு பெரிதாகச் சேராது. ஃபுளூரினின் 2பி-யில் அச்சுக்குச் செங்குத்தான இரண்டும் சமச்சீர் பொருந்தாததால் ஹைட்ரஜனோடு சேரவே முடியாது. அச்சின் திசையில் இருக்கும் ஒரு 2பி மட்டும் 1எஸ்-ஓடு சேர்ந்து சிக்மா ஆகிறது. வெளிக்கூட்டின் 8 எலக்ட்ரானில் 2 மட்டும் பிணைப்பில், 6 சும்மா, எதிர்பிணைப்பில் ஒன்றும் இல்லை. தரம் 1. அந்த 6-ஐயும் பிணைப்புப் பக்கம் சேர்த்து 4 என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள், ஹைட்ரஜனுக்கு நான்கு பிணைப்பு எப்படி வரும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

நைட்ரிக் ஆக்சைடு ஏன் இவ்வளவு சுலபமாக எலக்ட்ரானை இழக்கிறது?

15 எலக்ட்ரான், தரம் 2.5, அந்த ஒற்றை எலக்ட்ரான் பை ஸ்டாரில். அதை விட்டால் தரம் 3, நீளம் 115-லிருந்து 106 பிக்கோமீட்டர். அயனியாக்க ஆற்றல் வெறும் 9.26 எலக்ட்ரான்வோல்ட், நைட்ரஜனுக்கு 15.6. நைட்ரோசோனியம் உப்புகளைப் புட்டியில் வாங்கவே முடியும். இதே மூலக்கூறு நம் ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் சமிக்ஞையாக வேலை செய்கிறது என்று கண்டறிந்ததற்குத்தான் 1998-ல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள்.

கார்பன் மோனாக்சைடிலிருந்து ஓர் எலக்ட்ரானை எடுத்தால் 2.5-ஆ, 3.5-ஆ? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

சூத்திரப்படி, மேல்மட்ட சிக்மாவைப் பிணைப்பு ஆர்பிட்டால் என்று வைத்தால் 2.5. ஆனால் சோதனையில் நீளம் 112.8-லிருந்து 111.5 பிக்கோமீட்டருக்குக் குறைகிறது, அதிர்வெண்ணும் கொஞ்சம் ஏறுகிறது. பிணைப்பு இறுகிவிட்டது, ஆகவே எடுத்தது எதிர்பிணைப்பு எலக்ட்ரான், ஆகவே 3.5 என்று சில வழிகாட்டிகள் எழுதிவிடுகின்றன.

எனக்கு 3.5 ஏற்புடையதாக இல்லை. அந்த எலக்ட்ரான் இருக்கும் ஆர்பிட்டால் பெரும்பாலும் கார்பனின் வெளிப்பக்கத்தில் நிற்கும் தனி ஜோடி (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடி). அது முழு பிணைப்பும் இல்லை, முழு எதிர்பிணைப்பும் இல்லை. நீளம் குறைந்தாலும் பிணைப்பை உடைக்கும் ஆற்றலைப் பாருங்கள், சுமார் 1072-லிருந்து 805 கிலோஜூல்/மோல் அளவுக்கு இறங்கிவிடுகிறது. நீளம் ஒன்று சொல்ல, ஆற்றல் வேறொன்று சொல்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரே எண்ணில் விடை கேட்பதே கொஞ்சம் அநியாயம். தேர்வில் கேட்டால் உங்கள் பாடப்புத்தகம் சொல்லும் முறையில் எழுதுங்கள், ஆனால் உண்மை நிலவரம் இது என்று தெரிந்திருங்கள்.

நைட்ரஜனிலும் இதன் சாயல் உண்டு. மேல்மட்ட சிக்மாவிலிருந்து எடுத்தால் நீளம் 110-லிருந்து 112 வரைதான் போகிறது. அதற்குக் கீழே உள்ள பை-யிலிருந்து எடுத்தால் 117.5. இரண்டுக்கும் சூத்திரம் 2.5 என்றே சொல்கிறது. பை எலக்ட்ரான் பிணைப்புக்கு நிஜமாக உழைக்கிறது, அந்த சிக்மா எலக்ட்ரான் அவ்வளவாக இல்லை.

தரம் 1 என்றால் எல்லாம் ஒரே வலுவா?

இல்லவே இல்லை. ஹைட்ரஜனுக்கு 436 கிலோஜூல்/மோல், ஃபுளூரினுக்கு 158, லித்தியத்துக்குச் சுமார் 100. மூன்றுக்கும் தரம் 1. லித்தியத்தின் 2எஸ் பெரிதாகப் பரவியிருக்கிறது, உள்ளே 1எஸ் கூடு வேறு, மேற்பொருந்தல் மோசம், நீளம் 267 பிக்கோமீட்டர். ஃபுளூரினில் பை நிரம்பியிருக்கிறது, பை ஸ்டாரும் நிரம்பியிருக்கிறது. கணக்கில் இரண்டும் ரத்தாகிவிடும், ஆனால் எதிர்பிணைப்பு கொஞ்சம் அதிகம் ஏறும் என்று சொன்னேனே, அந்த மிச்ச விலக்கல் முழுக்க அங்கே தங்கிவிடுகிறது. ஃபுளூரின் எதைத் தொட்டாலும் வினைபுரிவதற்கு இந்த நோஞ்சான் பிணைப்பும் ஒரு காரணம்.

ஆகவே ஒரே ஜோடி அணுக்களுக்குள், ஆக்சிஜன் வரிசை மாதிரி, ஒப்பிடுங்கள். ஹைட்ரஜனையும் லித்தியத்தையும் பிணைப்புத் தரத்தை வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை.

கார்பன் மூலக்கூறில் இரண்டு பிணைப்பும் பை என்கிறார்கள். சிக்மா இல்லாமல் பை எப்படி?

எளிய கணக்கு அப்படித்தான் சொல்கிறது. சிக்மா 2எஸ்-ம் சிக்மா ஸ்டார் 2எஸ்-ம் ரத்தாகி, பை 2பி-யின் 4 மட்டும் மிச்சம், தரம் 2, இரண்டும் பை. நீளம் 124 பிக்கோமீட்டர், எத்திலீனின் 134-ஐவிட நன்றாகவே குறைவு. ரத்தாகிறது என்பது முழுதாக ரத்தாவதில்லை, சிக்மா ஸ்டார் 2எஸ் கலப்பினால் எதிர்பிணைப்புத் தன்மையைப் பெருமளவு இழந்துவிடுகிறது. 2012-ல் சாசன் ஷாய்க்கும் சகாக்களும் இங்கே இருப்பது நான்கு பிணைப்பு என்று வாதிட்டார்கள், வேறு பலர் மறுத்தார்கள். தேர்வுக்கு 2. கேஸ் அடுப்புச் சுடரின் நீலப்பச்சையிலும் வால்நட்சத்திரங்களின் பச்சை ஒளியிலும் இந்த மூலக்கூறுக்குப் பங்கு உண்டு.

ஓசோன், பென்சீன் மாதிரி இரண்டுக்கு மேற்பட்ட அணுக்கள் இருந்தால்?

சூத்திரம் மூலக்கூறு முழுவதற்குமான நிகரப் பிணைப்பைத்தான் தரும், அதைப் பிணைப்புகளுக்குள் பங்கிட வேண்டும். பென்சீனில் பை எலக்ட்ரான் 6, எல்லாம் பிணைப்பு ஆர்பிட்டால்களில், 3 பை பிணைப்பு, 6 கார்பன்–கார்பன் இணைப்புகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு 0.5, சிக்மாவோடு 1.5. நீளம் 139 பிக்கோமீட்டர், ஒற்றைக்கும் இரட்டைக்கும் நடுவில். ஆனால் 1939-ல் கூல்சன் ஒவ்வொரு ஆர்பிட்டாலிலும் அணுக்களின் கெழுக்களை (அந்த ஆர்பிட்டாலில் ஒவ்வோர் அணுவின் பங்கைச் சொல்லும் எண்கள்) பெருக்கிக் கூட்டும் முறையைக் கொண்டுவந்தார், அதன்படி பென்சீனுக்கு 1.67 வரும். இரண்டும் வேறு வேறு வரையறை, ஒன்றைத் தப்பு என்று அடித்துவிடாதீர்கள்.

ஓசோனில் பை எலக்ட்ரான் 4. 2 பிணைப்பில், 2 பிணைப்பில் சேராத ஆர்பிட்டாலில். ஒரு பை பிணைப்பை இரண்டு பக்கமும் பங்கிட்டால் 0.5, சிக்மாவோடு 1.5. செனான் டைஃபுளூரைடில் மூன்று அணுக்களுக்கு நடுவில் ஒரே சிக்மா பிணைப்பு, பக்கத்துக்கு 0.5. டைபோரேனில் இரண்டு போரான்களை இணைக்கும் ஹைட்ரஜன் பாலத்தில் போரான்–ஹைட்ரஜன் ஒவ்வொன்றும் 0.5தான், அதனால்தான் பால நீளம் 133 பிக்கோமீட்டர், ஓரத்தில் இருப்பவை 119.

3-க்கு மேலே பிணைப்புத் தரம் உண்டா?

எஸ், பி ஆர்பிட்டால்களோடு நின்றால் பொதுவாக 3தான் உச்சம். டி ஆர்பிட்டால் வந்தால் டெல்டா பிணைப்பு சேரும். ரீனியம் அணுக்கள் இரண்டும் எட்டுக் குளோரைடுகளும் கொண்ட அயனியில் சிக்மாவில் 2, பை-யில் 4, டெல்டாவில் 2, எதிர்பிணைப்பில் ஒன்றும் இல்லை, தரம் 4. 1964-ல் காட்டனும் சகாக்களும் இதைச் சொன்னார்கள். ரீனியங்களுக்கு நடுவே 224 பிக்கோமீட்டர்தான். அந்த டெல்டா பிணைப்பு விடாமல் பிடித்துக்கொள்வதால் இரண்டு பக்கத்துக் குளோரைடுகளும் ஒன்றுக்கு ஒன்று நேராகவே நிற்கின்றன, விலகி நின்றால் நெருக்கடி குறையும் என்றாலும்கூட. குரோமியம் ஈரணு மூலக்கூறுக்குக் கணக்கு 6 என்று வரும், ஆனால் அங்கே பிணைப்பு ஆற்றல் சுமார் 150 கிலோஜூல்/மோல் மட்டும். தரத்தை வைத்து வலுவை முடிவு செய்யாதீர்கள் என்று சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

நீட் தேர்வில் "நீளத்தின் ஏறுவரிசையில் எழுதுக" என்று வந்தால் எப்படி வேகமாகப் போடுவது?

மொத்த எலக்ட்ரானை எண்ணுங்கள். அயனியில் நேர்மின்சுமை என்றால் கழிக்க வேண்டும், எதிர்மின்சுமை என்றால் கூட்ட வேண்டும், அவசரத்தில் இதை மாற்றிச் செய்பவர்கள்தான் அதிகம். 10-லிருந்து 20-க்குள் இருந்தால் 14 குறுக்குவழியில் தரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். தரம் அதிகமானது நீளம் குறைந்தது, ஆகவே ஏறுவரிசை என்றால் தரம் அதிகமானதை முதலில் வைக்க வேண்டும். காந்தத் தன்மையும் சேர்த்துக் கேட்டால் மொத்தம் ஒற்றைப்படை என்றால் யோசிக்காமல் பாராகாந்தம், இரட்டைப்படை என்றால் 10-ஐயும் 16-ஐயும் மட்டும் நிறுத்திப் பாருங்கள்: இந்த வரிசையில் அவை இரண்டும் பாராகாந்தம், மற்றவை டயாகாந்தம்.